சூனியக்காரனுக்குப் பெயர் வைத்தவர்கள்

டென்சர் என்றொரு மந்திரவாதி உண்டு. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் மிதக்கும் வட்டத் தட்டு ஒன்றை வரவழைத்து, மூட்டை முடிச்சுகளை அதில் ஏற்றித் தன் பின்னால் வரச்செய்வது அவன் வித்தை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக மாறி ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை ஆடுகிறவர்கள் அந்த மந்திரத்தைப் பல பத்தாண்டுகளாக அவன் பெயரைச் சொல்லித்தான் போடுகிறார்கள். பெயரைக் கேட்டால் ஏதோ பழைய ஐரோப்பியச் சுவடியில் கிடைத்தது போலிருக்கும். உண்மையில் அது ஒரு பையனின் பெயர். ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸின் மூத்த மகன் எர்னஸ்ட். அந்தப் பெயரின் ஆறு ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் டென்சர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற சிற்றூரில், 1972இல், அப்பா பென்சிலால் வரைந்த நிலவறைக்குள் முதன்முதலாக இறங்கியவர்கள் அந்தப் பையனும் அவன் தங்கை எலீஸும்தான்.

அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய இப்படித்தான் பெயர் வைத்தார்கள். ஜிம் வார்டு என்ற நண்பரின் பெயரைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பி வாசித்தால் டிராமிஜ். கைகாக்ஸின் இன்னொரு மகன் லூக்கின் பாத்திரத் தாளில் ஆண் என்பதைக் குறிக்க 'எம்' என்ற ஒற்றை எழுத்தும், பக்கத்தில் 'எல்ஃப்' என்ற இனமும் எழுதியிருந்தன. இரண்டையும் சேர்த்துப் படித்ததில் மெல்ஃப் பிறந்தான். நண்பர் ராப் குன்ட்ஸ் நடத்திய ஆட்டத்தில் பிக்பி என்ற மந்திரவாதி வந்து சேர்ந்தான். அவன் வழியில் வரும் சீடர்களுக்கும் ஆட்களுக்கும் அவன் பெயரோடு எதுகை சேரும் பெயர்தான் வைக்க வேண்டும் என்று குன்ட்ஸ் விதித்துவிட்டார். ரிக்பி, நிக்பி, டிக்பி என்று ஒரு குடும்பமே கிளம்பியது. இன்னொரு ஆட்டக்காரரான பிரையன் ப்ளூமின் ரேரி இன்னும் வேடிக்கை. மந்திரவாதிகளின் பட்டங்களில் ஒன்று 'மீடியம்'. தன் ஆளை 'மீடியம் ரேரி' என்று அழைக்க வேண்டும் என்பதற்காகவே அவர் அந்தப் பெயரைத் தேர்ந்தார். அமெரிக்க உணவகங்களில் அரைவேக்காட்டு இறைச்சியைக் கேட்டு வாங்கும் 'மீடியம் ரேர்' என்ற சொல்லை வைத்த விளையாட்டு அது. பிற்பாடு அதே ரேரி நண்பர்களுக்கே துரோகம் செய்தவனாக ஒரு முழு ஆட்டப் புத்தகத்தின் தலைப்பில் ஏறினான். சிரிப்புக்காக வைத்த பெயர் அந்தப் பாரத்தையும் தாங்கியது.

எனக்கு இந்தப் பெயர்கள் மேல் பிரியம் அதிகம். ஒவ்வொன்றின் பின்னாலும் முகம் தெரிந்த ஓர் ஆள் இருக்கிறார். ஒரு மகன், ஒரு நண்பன், கடிதம் எழுதிய ஒரு சிறுமி. ஆம், எதிரியை விழுந்து விழுந்து சிரிக்கவைக்கும் டாஷாவின் மந்திரத்துக்கு அந்தப் பெயர் வந்தது கைகாக்ஸுக்குக் கடிதம் எழுதிய ஒரு குழந்தையால். 2020இல் வந்த விதிப்புத்தகம் ஒன்றின் தலைப்பிலேயே டாஷா இருக்கிறாள்.

சூனியக்காரனைக் குறிக்கும் 'வார்லாக்' என்ற சொல்லுக்கு அந்த நாளில் இருந்த இடமும் வேறு. 1974 ஜனவரியில் மூன்று மெல்லிய புத்தகங்களாக ஒரு பெட்டியில், ஆயிரம் பிரதிகள் மட்டும் அச்சான முதல் பதிப்பில், வார்லாக் என்பது தனி வகைப் பாத்திரம் இல்லை. மந்திரவாதி ஒவ்வொரு படியாக ஏறும்போது அவனுக்குக் கிடைக்கும் பட்டங்களில் எட்டாவது. ஏழாம் படியில் ஒரு பட்டம், எட்டில் வார்லாக், பதினொன்றில் விஸார்ட். பட்டம் மாறிக்கொண்டே போகும். ஆளின் பெயர் நிலைக்கும். அதனால் பெயர் வைப்பதில் சூனியம், இருட்டு, சாவு என்று எந்த வாடையும் வேண்டியிருக்கவில்லை. முதல் படியில் நிற்கும் பொடியனுக்கு வைத்த பெயரோடுதான் அவன் எட்டாம் படிக்கு வந்து சேர்வான்.

கைகாக்ஸ் கூட்டத்துக்கு முன்பே இந்த வழக்கம் எழுத்தாளர்களிடம் இருந்தது. எச். பி. லவ்கிராஃப்ட் தன் நண்பர் கிளார்க் ஆஷ்டன் ஸ்மித்தைக் கடிதங்களில் 'கிளார்காஷ்-டன்' என்று அழைப்பார். 1931இல் வெளியான ஒரு கதையில் அந்தப் பெயரை அட்லாண்டிஸ் தேசத்துத் தலைமைப் பூசாரிக்கே கொடுத்துவிட்டார். வாசிக்கிறவருக்கு அது தொன்மையான பெயர். நண்பர்களுக்கு அது அடுத்த ஊரிலிருந்து தோளைத் தட்டுவது போல. ஜாக் வான்ஸ் 1950இல் 'தி டையிங் எர்த்' எழுதினார். மந்திரத்தை மனப்பாடம் செய்து, ஒருமுறை பிரயோகித்ததும் அது மனத்தை விட்டு அழிந்துபோகும் ஏற்பாடு அவருடைய கதையிலிருந்துதான் ஆட்டத்துக்கு வந்தது. அந்தக் கடனை ஆட்டக்காரர்கள் 1976இல் ஒரு பெயரால் அடைத்தார்கள். வான்ஸ் என்ற ஐந்து எழுத்துகளைக் கலைத்து ஒரு கொடிய மந்திரவாதியின் கைக்கும் கண்ணுக்கும் சூட்டினார்கள். அதுதான் வெக்னா. 2022இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் நான்காம் பருவத்தில் உலகமே பார்த்து நடுங்கிய அந்தப் பெயர், ஓர் எழுத்தாளருக்கு அவர் வாசகர்கள் செய்த மரியாதை.

டோல்கின் போன பாதை வேறு. அவருக்குப் பெயர் கொடுத்தவை மொழிகள். 1937இல் வந்த 'தி ஹாபிட்' நூலின் குள்ளர்கள் பெயரையும் கேண்டால்ஃப் பெயரையும் அவர் பழைய நார்ஸ் பாடலான 'வோலுஸ்பா'வில் வரும் குள்ளர் பட்டியலிலிருந்து எடுத்தார். கையெழுத்துப் பிரதியின் தொடக்கத்தில் கேண்டால்ஃப் என்பது குள்ளர் தலைவனின் பெயர். மந்திரவாதிக்கு பிளாடோர்தின் என்று பெயர். கோலும் எல்ஃபும் சேர்ந்த ஒரு பெயர் குள்ளனுக்கு எப்படி ஒட்டும்? கோல் ஊன்றி வரும் கிழவனுக்குத்தான் அது பொருந்தும். பெயர் தனக்குரிய ஆளிடம் போய்ச் சேர்ந்தது.

ஆனால் ஒரு மந்திரவாதிக்குப் பெயர் எங்கிருந்து வர வேண்டும் என்பதை அர்சுலா லெ குவின் போலத் துலக்கமாகக் காட்டியவர் இல்லை என்பேன். 1968இல் வந்த 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ' நாவலின் பையனுக்கு மூன்று பெயர்கள். தாய் வைத்தது டூனி. ஆடு மேய்க்கும் மலையில் பருந்தினப் பறவைகள் அவன் அழைத்தால் இறங்கி வந்ததைப் பார்த்த பிள்ளைகள் வைத்தது ஸ்பாரோஹாக், ஒரு வகை வல்லூறின் பெயர். குரு ஒகியோன் அவன் காதில் ரகசியமாகச் சொன்னது கெட். முதல் பெயர் வீட்டில், இரண்டாவது ஊரில், மூன்றாவது உயிரையே ஒப்படைக்கத் தகுந்தவர் வாயில். கதையின் பாதிப் பதற்றம் அந்த மூன்றாம் பெயரை யார் அறிவார்கள் என்பதில் அடங்கியிருக்கிறது. பெயரை வைத்தவர் யார் என்று தெரிந்துவிட்டால் பாதிக் கதை வந்துவிடுகிறது.

பெயருக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கும் இந்த வழக்கம் பிற்பாடு மாறியது. அதற்கு ரசனை கெட்டது காரணம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு காரணங்கள் எனக்குத் தெரிகின்றன.

ஒன்று, பெயர் சொத்தானது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் முதல் பதிப்பில் ஹாபிட்டும் என்ட்டும் பால்ராகும் கூச்சமில்லாமல் உலாவின. டோல்கின் படைப்புகளின் உரிமை வைத்திருந்தவர்கள் எதிர்த்த பிறகு ஹாபிட் 'ஹாஃப்லிங்' ஆனது, என்ட் 'ட்ரியன்ட்' ஆனது. பின்பு இந்த ஆட்டத்தின் சொந்தப் பெயர்களுக்கும் அதே வேலி விழுந்தது. 2000இல், யார் வேண்டுமானாலும் பயன்படுத்திப் புத்தகம் போடலாம் என்று விதிகளைத் திறந்துவிட்டபோது, ஆட்டத்தை வெளியிடும் நிறுவனம் மந்திரவாதிகளின் பெயர்களை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. டென்சரின் மிதக்கும் தட்டு வெறும் 'மிதக்கும் தட்டு' ஆனது. மெல்ஃபின் அமில அம்பு 'அமில அம்பு' ஆனது. பிக்பியின் நசுக்கும் கை 'நசுக்கும் கை'. இந்த இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கும். மந்திரம் வேலை செய்கிறது, சேதக் கணக்கு அப்படியே இருக்கிறது, ஆனால் அதைக் கண்டுபிடித்தவன் போய்விட்டான். அன்று முதல் பிறர் எழுதும் கதைகளில், ஆட்டங்களில், எவர் வேலிக்குள்ளும் அகப்படாத பெயர் வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட பெயரைச் செய்வதற்கு எளிய வழி, எதையும் குறிக்காத பெயரைச் செய்வது.

இரண்டாவது காரணம் கூட்டம். 2004 நவம்பரில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற இணைய விளையாட்டு வந்தது. வார்லாக் அதில் முதல் நாளிலிருந்தே தனி வகுப்பு. ஆளைப் படைக்கும் திரையின் அடியில் பெயருக்கு ஒரு கட்டம். இரண்டு எழுத்துக்குக் குறையக்கூடாது, 12 எழுத்தைத் தாண்டக்கூடாது, இடைவெளி கூடாது, எண் கூடாது. அதே சர்வரில் இன்னொருவர் வைத்த பெயரை நீங்கள் வைக்க முடியாது. ஐந்து பேர் உட்கார்ந்த மேசையில் நண்பன் பெயரைத் திருப்பிப் போட்டால் போதும். ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நிற்கும் இடத்தில் நல்ல பெயர்கள் எல்லாம் முதல் சில நாளிலேயே போய்விடும். பிறகு வருகிறவர் என்ன செய்வார்? ஓர் எழுத்தை இரட்டிப்பார், உயிரெழுத்தின் தலையில் ஒரு கோடு போடுவார், முன்னாலும் பின்னாலும் 'எக்ஸ்' சேர்ப்பார். அவருடைய வார்லாக் ஏவல் செய்ய அழைக்கும் பூதத்துக்கோ, அசைகளைக் கோத்து விளையாட்டே ஒரு பெயரைச் சூட்டிவிடும்.

மேற்கோள் குறி போல ஒற்றைக் கொம்பு முளைத்த பெயர்களும் இந்த நெரிசலில்தான் பெருகின. வார்கிராஃப்ட் உலகத்தின் பெரிய சூனியக்காரர்கள் குல்’டான், நெர்’ஸூல், கெல்’துஸாட். அந்தக் கொம்புக்கு ஒரு காலத்தில் வேலை இருந்தது. ஆன் மெக்காஃப்ரியின் பெர்ன் கதைகளில் டிராகன் மீது ஏறிச் செல்லும் வீரனின் பெயர் சுருங்கி, நடுவில் அந்தக் குறி விழும். எஃப்’லார் என்று கேட்டவுடன் அவன் வீரன் என்று ஊருக்குத் தெரியும். பெயரில் விழுந்த தழும்பு அவன் பட்டம். பின்னால் வந்தவர்கள் தழும்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1996இலேயே டயானா வின் ஜோன்ஸ் தன் 'தி டஃப் கைடு டு ஃபேன்டஸிலேண்ட்' நூலில் இதைக் கிண்டல் செய்து எழுதிவிட்டார்.

இப்போது பெயர் செய்ய ஜெனரேட்டர்கள் இருக்கின்றன. அவை வேலை செய்யும் விதம் எளிது. பழையவை முன்பாதி ஒரு பட்டியல், பின்பாதி ஒரு பட்டியல் என்று வைத்துப் பகடை உருட்டும். சற்றுத் தேர்ந்தவை எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று கணக்கிட்டு அதே சாயலில் புதிதாகக் கோக்கும். 1913இல் ஆந்திரே மார்கோவ் என்ற ரஷ்யக் கணித அறிஞர் புஷ்கினின் 'எவ்கேனி ஒனேகின்' காவியத்திலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிரும் மெய்யும் மாறிமாறி வரும் விதத்தை எண்ணிப் பார்த்தாரே, அந்த எண்ணிக்கையின் பேரப்பிள்ளைகள்தான் இவை. இன்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரு நொடியில் ஐம்பது பெயர் கொட்டும். 'மால்', 'மோர்', 'ஸார்', 'வெக்ஸ்' என்று தொடங்கி 'ஆக்ஸ்', 'ஆத்' என்று முடியும்.

லத்தீன் மொழியின் நிழலில் வளர்ந்த காதுக்கு 'மோர்' என்ற ஒலியில் மரணம் கேட்கிறது, 'மால்' என்பதில் தீமை. நம் காதுக்கு? மோர் கோடையில் குடிப்பது. மால் பெருமாளின் பெயர். ஓர் ஒலியோடு ஒரு மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருந்தால்தான் அதில் அச்சம் ஊறும். பட்டியலிலிருந்து கடன் வாங்கிய ஒலி நம்மிடம் வரும்போது வெறும் ஓசையாகத்தான் வருகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, இன்றைய நாளுக்குரிய நியாயத்தையும் சொல்ல வேண்டும். பாத்திர வடிவம் என்ற ஒன்றில் மட்டும் இன்றைய வார்லாக் அன்றைய வார்லாக்கைவிடப் பெயருக்கு ஏற்றவன். 2004இல் அவன் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஒரு துணை நூலில் தனி வகுப்பாக வந்தான். 2008இல் மூல விதிப்புத்தகத்துக்குள் ஏறினான். 2014 பதிப்பில் அவன் சக்தி முழுக்க ஓர் ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. தேவதையரசு, நரகத்துப் பேய், அண்டத்துக்கு அப்பால் உறங்கும் தொன்மையான ஒன்று என்று மூன்று வகை எசமானர்கள். அவர்களில் ஒருவரோடு உடன்படிக்கை. உடன்படிக்கை என்றால் இன்னொருவர் இருக்கிறார். இன்னொருவர் இருந்தால் அவர் இவனை எப்படியோ அழைக்கிறார். அதே நூலில் டீஃப்ளிங் என்ற பேய்வழி இனத்தாருக்கு இரண்டு விதமான பெயர்கள் தந்திருக்கிறார்கள். ஒன்று நரகத்து மொழிச் சாயல். மற்றது நம்பிக்கை, விரக்தி, எங்குமில்லை, சோர்வு என்று பொருள்படும் சாதாரண ஆங்கிலச் சொற்களையே ஓர் இளைஞன் தனக்குப் பெயராகச் சூடிக்கொள்வது. இந்த இரண்டாம் வகை எனக்கு ஒரு கண்டுபிடிப்பாகப் படுகிறது. தனக்குத் தானே பெயர் வைத்துக்கொள்கிறவனிடம் ஒரு காயம் இருக்கும்.

2017இல் வந்த 'ஸனாதர்ஸ் கைடு' என்ற துணை நூல் உலக மக்களின் பெயர்களை நூறு முகப் பகடை உருட்டலுக்கு ஏற்ற அட்டவணைகளாகக் கொடுத்தது. அரபு, நார்ஸ், ஜப்பான், ஸ்லாவ் வரிசையில் இந்தியாவுக்கும் ஒரு தலைப்பு உண்டு, ஒரே ஒரு தலைப்பு. ஐரோப்பாவுக்குப் பல, நமக்கு ஒன்று. புத்தகம் நம் வேலையைச் செய்துதராது என்பதற்கு இது போதும்.

அந்த வேலை நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். வேளச்சேரியில் என் அக்கா மகனும் அவன் கல்லூரி நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இந்த ஆட்டம் ஆடுவார்கள். அவனுடைய வார்லாக்குக்கு ஜெனரேட்டர் தந்த ஒரு நீளமான பெயர், 'ஸில்வராக்ஸிஸ்' போல ஏதோ ஒன்று. தாளில் எடுப்பாக இருந்தது. ஆட்டம் சூடுபிடித்தபோது ஒருவர் வாயிலும் அது வரவில்லை. "டேய் வார்லாக், நீ பின்னாடி வா" என்றுதான் கூப்பிட்டார்கள். ஆட்டத்தை நடத்திய பெண் பகடையைக் கீழே வைத்துவிட்டு, "உன் ஊர்ல உன்னை என்னன்னு கூப்பிடுவாங்க?" என்று கேட்டாள். அவன் ஊர் தீயில் அழிந்தது, அவன் ஒருவன் மிஞ்சினான் என்பது அவன் எழுதிய முன்கதை. கொஞ்சம் யோசித்தான். "பக்கத்து ஊர்க்காரங்க என்னை 'மீதி'ன்னு கூப்பிடுவாங்க" என்றான். மேசை அமைதியானது. அவள் விடவில்லை. "உனக்கு சக்தி கொடுத்த பேய் என்னன்னு கூப்பிடும்?" அவன் சட்டென்று சொன்னான், "பாக்கி."

அதற்குப் பிறகு யாருக்கும் அவன் பெயர் மறக்கவில்லை. பேய் பேசும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக் கடன்காரன் போல "பாக்கி" என்று இழுப்பாள். அவன் தோள் தானாகக் குறுகும். ஆட்டத்தின் எந்த விதியும் அதைச் செய்யவில்லை.

நம் மரபில் மந்திரவாதிக்குப் பெயரே இருந்ததில்லை என்று ஓர் எண்ணம் உண்டு. பாட்டி கதைகளில் ஏழு மலை தாண்டிக் கிளிக்குள் உயிரை வைத்திருப்பவன் வெறும் மந்திரவாதிதான். 1951இல் வந்த 'பாதாள பைரவி' படத்தில் எஸ். வி. ரங்கா ராவ் மிரட்டிய பாத்திரமும் நேபாள மாந்திரீகன் என்று ஊரின் பெயரால்தான் அறியப்பட்டது. தூரத்து ஊர் ஒன்றைச் சொன்னாலே பயம் வந்துவிடும் என்று கதை சொன்னவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதுவும் பெயர் வைக்கும் ஒரு முறைதான்.

இன்னொரு முறையும் நம்மிடம் இருக்கிறது, அதைப் போல வேறெங்கும் நான் பார்த்ததில்லை. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் பெயர் தெரியாத புலவருக்கு அவர் பாட்டில் ஒளிவிட்ட சொல்லையே பெயராக்கினார்கள். குறுந்தொகை 40ஆம் பாடலின் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்று எத்தனை பேர்! புறநானூறு 243ஆம் பாடலைப் பாடிய முதியவர் தொடித்தலை விழுத்தண்டினார். பூண் பிடித்த தலையுள்ள பெரிய ஊன்றுகோல் அவர் பாட்டில் வருகிறது, அதுவே அவர் பெயராகிவிட்டது. கோலால் பெயர் பெற்ற கிழவரை டோல்கின் நார்ஸ் பாட்டில் தேடிக் கண்டெடுத்தார். நமக்கு அப்படி ஒருவர் ஈராயிரம் ஆண்டுகளாகவே இருக்கிறார். புலவர்களின் பெயரையோ சித்தர்களின் பெயரையோ அப்படியே தூக்கிப் பேயோடு ஒப்பந்தம் போட்டவன் தலையில் வைக்கச் சொல்லவில்லை. அது அவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு. அவர்களுக்குப் பெயர் வந்த வழியை எடுத்துக்கொள்ளலாம். ஆளிடம் மற்றவர் கண்ணில் முதலில் பட்டது எது, அவன் ஓயாமல் சொல்லும் சொல் எது, அவனைப் பார்த்தவர் மறுநாள் எதை வைத்து அவனை அடையாளம் சொன்னார்?

கதை எழுதும் தம்பி தங்கைகளுக்கும், பகடையோடு உட்காரும் பிள்ளைகளுக்கும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். பெயர்ப் பட்டியலைத் திறக்குமுன் உங்கள் சூனியக்காரனுக்குப் பெயர் வைத்தது யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அம்மாவா, ஊரா, எதிரியா, கடன் கொடுத்த பேயா, அவனேவா? அந்த ஆளின் குரலில் பெயரை வாய்விட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள், கோபத்தில் ஒரு முறை, கெஞ்சலில் ஒரு முறை. இரண்டுக்கும் வளைந்து கொடுத்தால் அந்தப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.